முயலுக்கு யார் விடுதலை கேட்டது?



போன கோடை விடுமுறைக்கு முன், எதிர் வீட்டுச் சிறுமி என்னிடம் ஓடி வந்தாள். ஆறாம் வகுப்பு படிக்கிறாள். என்னை, 'டீச்சர் பாட்டி' என்று தான் கூப்பிடுவாள்.

"டீச்சர் பாட்டி, எங்க முயலைப் பார்க்ல விடப் போறோம். லீவுக்கு எல்லாரும் ஊருக்குப் போறோம்ல... அப்பா சொல்லிட்டார். பாவம், அது எப்பவும் கூண்டுக்குள்ளயே இருக்கு. அங்கே நிறைய புல் இருக்கு. ஜாலியா இருக்கும், இல்லே?" என்றாள்.

அந்த, 'இல்லே?' எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஏனென்றால், இதே கேள்விக்கு ஒரு முறை நான் தப்பான பதில் சொல்லி இருக்கிறேன்.

அது 1994ம் ஆண்டு. ஏரிக்கரை ஓரமாக இருந்த ஒரு கிராமப் பள்ளியில் வேலை பார்த்தேன். என் வகுப்பு மாணவன் ஒருவன் வீட்டில், சந்தையில் இருந்து ஒரு ஜோடி வெள்ளை முயல் வாங்கினர். (பெயர் வேண்டாம். இப்போது அவனுக்கே பிள்ளைகள் இருக்கின்றனர்!) ஜோடி என்று ஆசையாக வாங்கியது, சில மாதங்களில் பதினொன்றாகி விட்டது. வீடெல்லாம் நாற்றம், தீவனச் செலவு வேறு. 'எங்கேயாவது கொண்டு போய் விடுடா' என்று அவன் அப்பா சொல்லி விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை, கூடையில் வைத்து, சைக்கிளில் கொண்டு போய் ஏரிக்கரையில் அத்தனையையும் விட்டு விட்டான். திங்கட்கிழமை வகுப்பில் எழுந்து, "டீச்சர், எங்க முயலுக்கெல்லாம் சுதந்திரம் குடுத்துட்டேன்" என்றான். எனக்கு ஒரே சந்தோஷம். "எவ்வளவு நல்ல மனசு! எல்லாரும் கை தட்டுங்க" என்றேன். வகுப்பே தட்டியது.

புதன்கிழமை காலை, ஏரிக்கரை வழியாக நடந்து வரும் பிள்ளைகள், "டீச்சர், அங்கே வெள்ளை வெள்ளையா முடி கிடக்கு" என்று சொல்லியபடியே வந்தனர். மாலையில் அவனையும் கூட்டிக் கொண்டு போய்த் தேடினேன். கருவேலம் புதருக்குள் எல்லாம் குனிந்து பார்த்தோம். ஒன்று கூட உயிரோடு கிடைக்கவில்லை. திரும்பி வரும்போது அவன் கேட்டான்...

"டீச்சர், நீங்க தானே கை தட்டச் சொன்னீங்க?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மறுநாள், அரசு கால்நடை மருந்தகத்து டாக்டரிடம் போய்க் கேட்ட பிறகு தான் என் அறியாமை புரிந்தது. அன்று அவர் சொன்னதையும், பிறகு படித்துத் தெரிந்து கொண்டதையும் சொல்கிறேன், கேளுங்கள்.

நாம் வீட்டில் வளர்க்கிற முயல், நம் ஊர்க் காட்டு முயல் இல்லை. அதன் முன்னோர்கள் ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கத்து மண்ணில் வளை தோண்டி வாழ்ந்தவை. நம் காட்டு முயலோ வளை தோண்டாது. புல்லுக்குள் பதுங்கிப் படுக்கும். அதன் குட்டி, பிறக்கும்போதே கண் திறந்து, உடம்பெல்லாம் முடியோடு பிறக்கும். வீட்டு முயலின் குட்டியோ, கண் மூடி, முடியில்லாமல், செக்கச் செவேலென்று பிறக்கும். கண் திறக்கவே பத்து நாள் போலாகும்.

காட்டு முயலின் பழுப்பு நிறம், காய்ந்த புல்லோடு புல்லாகக் கலந்து விடும். வெள்ளை முயலை அதே புல்லில் விட்டால், பச்சைத் துணியில் வைத்த பஞ்சு உருண்டை தான்! நாய்க்கும், கீரிக்கும், பருந்துக்கும் அதைத் தேட வேண்டிய வேலையே இல்லை. கூண்டிலேயே பிறந்து வளர்ந்ததற்கு நாயைப் பார்த்தால் ஓட வேண்டும் என்று கூடத் தெரியாமல் போகலாம்.

வெயில் இன்னொரு எமன். நமக்கு வியர்க்கிறது, உடம்பு குளிர்கிறது. முயலுக்கு அப்படி வியர்க்காது. அந்த நீளக் காதுகள் வழியாகத் தான் பெரும்பாலும் சூட்டை வெளியேற்ற வேண்டும். வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினாலே அது தவிக்க ஆரம்பித்து விடும். நம் ஊர் ஏப்ரல், மே வெயில் எத்தனை டிகிரி என்று உங்களுக்கே தெரியும்.

'நிறைய புல் இருக்கே' என்கிறோம்... புல் மட்டும் இருந்தால் போதுமா? நம்மை, முன்பின் தெரியாத ஊர்ப் பேருந்து நிலையத்தில் இறக்கி விட்டு, 'இங்கே நிறைய ஓட்டல் இருக்கிறது, ஜாலியாக இரு' என்று சொல்லி விட்டுப் போனால் எப்படி இருக்கும்?

சரி, பிழைத்துக் கொண்டால் மட்டும் நல்லதா? அதற்கும் ஒரு கதை இருக்கிறது. 1859ல் ஆஸ்திரேலியாவில், தாமஸ் ஆஸ்டின் என்ற பணக்காரர், வேட்டையாடி மகிழ, இங்கிலாந்தில் இருந்து 24 முயல்களை வரவழைத்துத் தன் நிலத்தில் விட்டார். அந்த ஊர்த் தட்பவெப்பம் அவற்றுக்குப் பிடித்துப் போயிற்று. பெருகின, பெருகின, கோடிக் கணக்கில் பெருகின! புல்லையும், பயிரையும் மொட்டை அடித்தன. அவற்றைத் தடுக்க, மேற்கு ஆஸ்திரேலியாவில் 1901ல் ஆரம்பித்து 1907 வரை வேலி போட்டனர். மூன்று வேலிகளும் சேர்ந்து, 3,200 கி.மீ.,க்கு மேல் நீளம். அதையும் தாண்டி முயல்கள் போய் விட்டன.

முயலை மட்டும் சொல்வதாக நினைக்காதீர்கள். கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு உள்ள குட்டி ஆமையை, மீன் தொட்டிக் கடைகளில் பார்த்திருப்பீர்கள். அமெரிக்க நாட்டு ஆமை அது. வாங்கும்போது நாணயம் அளவில் இருக்கும். வளர்ந்தால் சாப்பாட்டுத் தட்டு அளவு. 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். தொட்டி போதாமல் போனதும், குளத்திலோ, கிணற்றிலோ விட்டு விடுகின்றனர். அங்கே, நம் ஊர் ஆமையின் சாப்பாட்டையும், வெயில் காயும் இடத்தையும் அது பிடுங்கிக் கொள்கிறது. திறந்து விட்ட, 'லவ் பேர்ட்ஸ்' கதையோ வேறு மாதிரி; அதைக் காகம் துரத்துவதை நானே பார்த்திருக்கிறேன்.

இப்படிக் கைவிடுவது, சட்டப்படியும் குற்றம் தெரியுமா? சென்னையில் கலாஷேத்ராவை உருவாக்கிய ருக்மிணி தேவி அருண்டேல், ராஜ்யசபா உறுப்பினராக இருந்தபோது, விலங்குகளுக்காக ஒரு மசோதா கொண்டு வந்தார். அதன் தொடர்ச்சியாக, 1960ல் மத்திய அரசு, விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தை இயற்றியது. பசியிலும், தாகத்திலும் துன்பப்படும்படி, தகுந்த காரணம் இல்லாமல் ஒரு விலங்கைக் கைவிடுவது அதன்படி குற்றம். முதல் முறைக்கு அபராதம் எவ்வளவு என்று எழுதினர் தெரியுமா? அதிகபட்சம் 50 ரூபாய்! 1960ல் அது பெரிய பணம். இன்று அதை வைத்து ஒரு நல்ல ஐஸ்கிரீம் வாங்க முடியுமா என்பதே சந்தேகம். ஆனால், அபராதம் சின்னது என்பதற்காக, செய்கிற காரியமும் சின்னது ஆகி விடாது.

என் கருத்தைச் சொல்லி விடுகிறேன். 'எங்களால் வளர்க்க முடியவில்லை' என்று சொல்வது தப்பே இல்லை. வீடு மாறும், அப்பாவுக்கு வேலை மாறும், தங்கைக்கு மூச்சிரைப்பு வரும். எதுவும் நடக்கலாம். முடியவில்லை என்று நாலு பேரிடம் வாய் திறந்து சொன்னால், வாங்கிய கடைக்காரரோ, அடுத்த தெருக்காரரோ, கால்நடை டாக்டரோ, விலங்குகள் காப்பகமோ ஏதாவது வழி சொல்வர். அப்படிக் கேட்பதற்குக் கூச்சம்! அதனால், யாரும் பார்க்காத நேரத்தில் கொண்டு போய் விட்டு விட்டு, அதற்கு, 'சுதந்திரம்' என்று பெயர் வைக்கிறோம். அது சாவதை நம் கண் பார்க்காது. அவ்வளவு தான் வித்தியாசம். இந்தப் பொய்க்குத் தான் நான் அன்று கை தட்டச் சொன்னேன்.

வாங்கும் முன்னேயே இதையெல்லாம் யோசிப்பது இன்னும் நல்லது. முயல், 8 முதல் 10 ஆண்டு வாழும். இன்று நீங்கள் நான்காம் வகுப்பு என்றால், கல்லூரிக்குப் போகும்போதும் அதற்குப் புல் போட வேண்டும். ஆணும், பெண்ணும் ஒரே கூண்டில் இருந்தால், ஒரு மாதத்தில் குட்டி போடும். போட்ட மறுநாளே மறுபடி கர்ப்பம் ஆகவும் கூடும். கடைக்காரர், 'ஜோடியா வாங்குங்க, தனியா இருந்தா ஏங்கிடும்' என்பார். பின்னால் வரப்போகிற குட்டிகளைப் பற்றி அவர் பேச மாட்டார். நீங்கள் தான் கேட்க வேண்டும். வாங்குவதும், விடுவதும் பெரும்பாலும் பெரியவர்கள் முடிவு என்பது எனக்குத் தெரியும். அதனால், இந்தப் பக்கத்தை அப்பா, அம்மாவுக்கும் படித்துக் காட்டுங்கள்.

எதிர் வீட்டுச் சிறுமியிடம், அந்த ஏரிக்கரைக் கதையை முழுதும் சொன்னேன். எழுந்து, ஒன்றும் பேசாமல் போய் விட்டாள். ராத்திரி அவள் அப்பா, கூண்டைத் தூக்கிக் கொண்டு வந்து நின்றார்.

"லீவு முடியற வரைக்கும் உங்ககிட்ட இருக்கட்டுமா டீச்சர்? கேட்கவே சங்கடமா இருக்கு..." என்றார்.

"இதைக் கேட்கத் தான் சங்கடமா? உள்ளே கொண்டு வாங்க" என்றேன்.

நாற்பது நாள் என் வீட்டில் இருந்தது. முயலுக்குப் பல் வளர்ந்து கொண்டே இருக்கும் என்று படித்திருந்தேன். என் பிரம்பு நாற்காலியின் ஒரு கால், அதை நிரூபித்து விட்டது. ஊரில் இருந்து வந்ததும், சிறுமி அதைத் தூக்கிக் கொண்டு போய் விட்டாள். இப்போது அவள் தம்பி, 'இதுக்கு ஒரு ஜோடி வாங்கணும்' என்று அழுகிறானாம். அவனை ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வரச் சொல்லி இருக்கிறேன்.