எந்த மாவுப்பூச்சி?

கேள்வி: பப்பாளி மாவுப்பூச்சிக்குக் குளவி விட்டால் கட்டுப்படும் என்கிறார்கள். எங்கள் பருத்தியிலும் மாவுப்பூச்சி இருக்கிறது. அதே குளவியை இதற்கும் விடலாமா? விவரம் கேட்டால் வாயில் நுழையாத பெயராகச் சொல்கிறார்கள்.
– ஒரு வாசகர், ஸ்ரீவில்லிபுத்தூர்

பதில்: இரண்டு செடியிலும் இருப்பது ஒரே பூச்சிதானா என்று முதலில் பார்க்க வேண்டும். வாயில் நுழையாத அந்தப் பெயர் அதற்குத்தான் உதவுகிறது.

உங்கள் ஊர் மலையையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 1988-ல் சரணாலயம் வந்ததே சாம்பல் நிற அணிலுக்காக. அதன் அறிவியல் பெயர் ரட்டூஃபா மேக்ரூரா. செம்பழுப்பு நிறத்தில் இன்னொரு பெரிய அணிலும் உண்டு. அது ரட்டூஃபா இண்டிகா. நாம் இரண்டையும் மலை அணில் என்றுதான் சொல்வோம். முன்னால் வருவது பேரினப் பெயர், நம் இனிஷியல் மாதிரி. எந்த வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிடும். பின்னால் வருவது சிற்றினத்தைக் காட்டும். ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் 1753-ல் செடிகளுக்கும் 1758-ல் விலங்குகளுக்கும் இந்த இரட்டைப் பெயர் முறையை நிலைநிறுத்தினார்.

இனி மாவுப்பூச்சிக்கு வருவோம். 2008-ல் கோவையில் தென்பட்ட புதுப் பூச்சி பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று பரவியது. மருந்து அடித்து அடித்துக் கை ஓய்ந்ததுதான் மிச்சம். மேலே மெழுகுப் பூச்சு இருப்பதால் மருந்து உள்ளே இறங்குவதில்லை. அது பாராகாக்கஸ் மார்ஜினேட்டஸ் என்று அடையாளம் தெரிந்த பிறகுதான் வழி பிறந்தது. அந்தப் பெயரை வைத்துத் தேடியபோது சொந்த ஊர் மெக்சிகோ பக்கம் என்பதும், அதை அழிக்கும் குளவிகள் எவை என்பதும் கிடைத்தன. 2010-ல் பெங்களூருவில் உள்ள தேசியப் பூச்சி ஆய்வு நிறுவனம் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகளை வரவழைத்தது. கடுகைவிடச் சிறிய அசெரோஃபேகஸ் பப்பாயே என்ற குளவி நம் மண்ணில் நன்றாக நிலைத்துவிட்டது.

பருத்தியில் பெரும்பாலும் வருவது பீனகாக்கஸ் சொலனாப்சிஸ். பப்பாளிக் குளவி அதைக் கட்டுப்படுத்தாது. அதற்கு ஏனேசியஸ் என்ற வேறு குளவி உண்டு. அந்தக் குளவிக்கும் 2009-ல் புதுப் பெயர் வைத்துவிட்டு, ஏற்கெனவே பெயர் வைத்ததுதான் என்று பின்னால் தெரிந்ததும் பழைய பெயருக்கே திரும்பினார்கள். முந்தி வைத்த பெயருக்குத்தான் உரிமை என்பது அங்கே சட்டம்.

ஆனால் பப்பாளி மாவுப்பூச்சியும் பருத்திக்குத் தாவும். ஆகவே பார்த்துத்தான் சொல்ல வேண்டும். முதுகில் இரண்டு வரிசையாகக் கரும்புள்ளிகள் தெரிந்தால் சொலனாப்சிஸ். புள்ளி இல்லாமல், நசுக்கினால் மஞ்சளாக இருந்தால் பப்பாளிப் பூச்சியாக இருக்கலாம். ஸ்பிரிட்டில் போட்டு வைத்தால் இரண்டொரு நாளில் அது நீலக்கறுப்பாக மாறும். அப்படியும் சந்தேகம் இருந்தால், பூச்சி உள்ள தண்டை வெட்டிக் காகிதப் பையில் போட்டு வேளாண்மை அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். அதுவரை மருந்து வேண்டாம், இருக்கிற குளவியும் செத்துப்போகும். வரப்பில் உள்ள பார்த்தீனியத்தைப் பிடுங்கிவிடுங்கள், இரண்டு பூச்சிக்கும் அது புகலிடம்.

இன்னொன்று. போன மாதம் ராஜபாளையம் பக்கம் ஒரு தோப்பில், பெரிய மாவுப்பூச்சி என்று ஒருவர் பொறிவண்டுப் புழுவை நசுக்கிக்கொண்டிருந்தார். அதன் மேலும் வெள்ளை மெழுகு இருக்கும், ஆனால் மாவுப்பூச்சியைத் தின்பதே அதுதான். குச்சியால் தொட்டுப் பாருங்கள், விறுவிறுவென்று நகர்ந்தால் விட்டுவிடுங்கள்.