இடி வருதுன்னு சொன்னா போதுமா? கூலி யாரு குடுப்பா?

புரட்டாசி மாசம். மக்காச்சோளத்துக்குக் களை வெட்டு ஓடிக்கிட்டு இருந்துச்சு. மத்தியானம் ரெண்டு மணிக்குச் செல்லுல ஒரு சேதி. அடுத்த மூணு மணி நேரத்துல விருதுநகர் மாவட்டத்துல ஒண்ணு ரெண்டு இடத்துல இடி மின்னலோட மழை பெய்யும்னு. மம்பட்டியத் தோள்ல போட்டுக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டேன். என் காடு, என் வேலை, நாளைக்குப் பாத்துக்கிடலாம்.

அதே சேதி என் மதினி செல்லுக்கும் வந்திருக்கு. மதினி வெடியாபீஸ்ல சக்கரம் சுத்துறாங்க. செல்லு வாட்ச்மேன் ரூம்ல கெடந்துச்சு. வெடியாபீஸ் உள்ள செல்லு கொண்டு போகக் கூடாது. அது சரியான விதி, அதுல நான் குறை சொல்ல மாட்டேன். சாயங்காலம் வேன்ல ஏறும்போதுதான் அவங்க சேதியத் தொறந்து பாத்தாங்க. அதுக்குள்ள இடி ரெண்டு தடவ இடிச்சு ஓஞ்சிருச்சு.

இத ஏன் எழுதுறேன்னா, கொஞ்ச நாளைக்கு முன்னால பேரிடர் முன்னெச்சரிக்கைன்னு ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டாங்கன்னு போயிருந்தேன். படிச்சவங்க நாலஞ்சு பேரு வந்திருந்தாங்க. நல்லாத்தான் பேசுனாங்க. கடைசில ஒருத்தர் மைக்கப் பிடிச்சு, "தொழில்நுட்பம் ரெடியா இருக்கு, கிராம மக்கள்கிட்ட விழிப்புணர்வுதான் இல்ல"ன்னாரு. அங்கேயே எந்திரிச்சுக் கேட்டிருக்கணும். டீயும் வடையும் வந்துருச்சு, விட்டுட்டேன். இப்பக் கேக்குறேன். எங்க மதினிக்கு எந்த விழிப்புணர்வு இல்ல?

ரூமுக்குள்ள போறதுக்கு முன்னால வாசல்ல இருக்க செப்புத் தகட்டத் தொட்டு உடம்புல இருக்க மின்சாரத்த எறக்கணும்னு அவங்களுக்குத் தெரியும். இரும்புச் சாமான் ஆகாதுன்னு தெரியும். ஒரு ரூம்ல நாலு பேருக்கு மேல உக்காரக் கூடாதுன்னு தெரியும். அலுமினியப் பவுடர் கலந்த மருந்து மிஞ்சி ராத்திரி தங்குனா, அதுல ஈரம் ஏறுனா, தன்னால சூடாகும்னும் தெரியும். இது எங்க சம்சாரிகளுக்கும் புரியிற விசயந்தான். ஈரத்தட்டையப் படப்பு போட்டா உள்ளுக்குள்ள சூடேறிப் புகையும். நாங்க படப்புக்குள்ள கைய விட்டுப் பாத்துருவோம். மருந்துக்குள்ள கைய விட்டுப் பாக்க முடியுமா? அங்கதான் ஆராய்ச்சியாளர் வேணும். கலவை ரூம்ல சூட்டையும் ஈரத்தையும் அளந்து, ஏறுச்சுன்னா வெளிய ஆளுக்குத் தெரியப்படுத்துற ஒரு சின்னக் கருவி, நெருப்புப் பொறி வராத கருவி, வேணும். அதப் பத்தி அந்தக் கூட்டத்துல ஒருத்தர் வாயத் தொறக்கல. சுனாமி, புயல், நிலநடுக்கம்னே போச்சு. ஆனைக்குட்டத்துல இருந்து கடல் எம்புட்டுத் தூரம்!

ஆராய்ச்சியே வேண்டாம்னு சொல்ல வரல. 2004ல சுனாமி வந்தப்ப இந்தியப் பெருங்கடலுக்குன்னு ஒரு எச்சரிக்கை மையம் கெடையாது. 2007ல ஹைதராபாத்ல அமைச்சாங்க. 2017ல ஒக்கி புயலப்ப எச்சரிக்கை கரைக்கு வரும்போது கன்னியாகுமரி மீனவங்க ஆழ்கடல்ல கெடந்தாங்க. அங்க செல்லு எடுக்காது. அதுக்குப் பின்னாலதான் செயற்கைக்கோள் வழியா நடுக்கடலுக்குச் சேதி அனுப்புற கருவி வந்துச்சு. பூனாவுல இருக்க வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் தாமினின்னு ஒரு செயலி செஞ்சிருக்கு. சுத்தி இருவது கிலோமீட்டர்ல மின்னல் வந்தா சொல்லும். ஆடு மேய்க்கிறவங்க எல்லாரும் வச்சுக்கிடணும், நான் வச்சிருக்கேன்.

ஆனா அந்த 2004லயே ஒரு ஊர் தப்பிச்சுச்சு. புதுச்சேரி பக்கம் நல்லவாடு. சிங்கப்பூர்ல இருந்த அந்த ஊர்ப் பையன் டிவியில பாத்துட்டு வீட்டுக்குப் போன் போட்டான். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தோட தகவல் மையம் ஊர்ல இருந்துச்சு, அலை உயரம், மீன் விலை சொல்றதுக்கு வச்சது. அந்த ஒலிபெருக்கியில ஊருக்கே சொல்லி ஆளுகள வெளியேத்திட்டாங்க. நான் அதுல பாக்குறது ரெண்டு விசயம். சேதி ஒவ்வொருத்தர் பையிலயும் தேடிப் போகல, ஊர் காதுல விழுந்துச்சு. எந்திரிச்சு ஓடுனா அன்னைக்குக் கூலி போயிருமேன்னு யாரும் கணக்குப் பாக்க வேண்டியதும் இல்ல.

அதுக்கு நேர் எதிர் 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. 38 உசுரு. அதுல பல பேரு அந்த ஆபீஸ்ல வேலை பாத்தவங்களே இல்ல. மொத வெடிச் சத்தம் கேட்டு, பொகையப் பாத்து, தூக்கி விடலாம்னும் என்னன்னு பாக்கலாம்னும் ஓடிப் போனவங்க. பெரிய வெடி அதுக்குப் பின்னாலதான் வெடிச்சுச்சு. கிட்ட வராதீங்க, இன்னும் இருக்குன்னு சொல்ல ஒரு சங்கு, ஒரு மைக் இருந்திருந்தா? அதுக்கு ராக்கெட் விஞ்ஞானம் வேணுமா? இந்தப் பக்கத்துப் பட்டிகள்ல இன்னைக்கும் சத்தம் கேட்டா சனம் சத்தம் வந்த தெசையப் பாத்துத்தான் ஓடுது. அங்க அவங்கவங்க வீட்டு ஆளு இருக்கே, எப்படி ஓடாம இருப்பாங்க?

இன்னொன்னு யாரும் கவனிக்கிறதில்ல. எங்க பக்கம் இடிமழை பலமா இருக்கது புரட்டாசி, ஐப்பசி. தீவாளி வேலை நெருக்கிப் பிடிக்கிறதும் புரட்டாசி, ஐப்பசி. எண்ணிக்கைக்குக் கூலி. எவ்வளவு சுத்துறாங்களோ அவ்வளவு காசு. இடிச் சத்தம் கேட்டா வேலைய நிப்பாட்டி வெளிய வரணும்னு விதி இருக்கு. சத்தம் காதுல விழுதுன்னாலே மின்னல் பதினஞ்சு கிலோமீட்டருக்குள்ள வந்துருச்சுன்னு அர்த்தம். அதுக்கு அரைமணி நேரம் முன்னாலயே சொல்ற கருவி இப்ப இருக்கு. அத வெடியாபீஸ் கேட்டுல ஒரு சங்கோட இணைச்சு விட்டா முடிஞ்சது. சரி, சங்கு ஊதுது. வேலைய நிப்பாட்டுறாங்க. மழை பெய்யாமப் போயிருது. அந்த ரெண்டு மணி நேரக் கூலி?

மதினிகிட்டயே கேட்டேன். "தம்பி, ஒரு நாளுன்னா பொறுத்துக்கிடலாம். தெனமும் மத்தியானம் மூட்டம் போடுதே. வாரக் கடைசில குழுக்காரன் வந்து வாசல்ல நிப்பான்ல"ன்னாங்க. லோன் தவணையச் சொல்றாங்க. இதுல எங்கய்யா விழிப்புணர்வு இல்ல? கணக்கு அவங்களுக்குத் தெளிவா இருக்கு. உங்க ஆராய்ச்சியிலதான் அந்தக் கணக்கு இல்ல.

முடியாத காரியமும் இல்ல. குஜராத்துல சேவான்னு பெண் தொழிலாளர் சங்கம். வெயில் ஒரு அளவத் தாண்டுனா, யாரும் மனுக் குடுக்காமலே வங்கிக் கணக்குல காசு விழுற மாதிரி காப்பீடு போட்டாங்க. 2024 கோடையில 46 ஆயிரம் பெண்களுக்கு மேல, ஆளுக்கு 400 ரூபா மாதிரி கெடச்சுச்சு. பெரிய காசு இல்லதான். ஆனா வெயில அளக்குற கருவிக்கும் கூலிக்காரி கணக்குக்கும் நடுவுல ஒரு கம்பிய இழுத்துட்டாங்க. அதே வேலைய இடிக்குச் செய்ய முடியாதா? வருசத்துக்கு எத்தன மணி நேரம் வேலை நிக்கும்னு மின்னல் கணக்கு வச்சிருக்க ஆராய்ச்சியாளர் சொல்லலாமே. மொதலாளி, அரசு, நலவாரியம் ஆளுக்குக் கொஞ்சமாப் பங்கு போட்டா, அந்த மணிநேரக் கூலி ஒரு பெட்டி ஃபேன்சி வெடி விலையில எம்புட்டு ஏறிறப் போகுது?

2027க்குள்ள உலகத்துல ஒருத்தர் விடாம எல்லாருக்கும் முன்னெச்சரிக்கை போய்ச் சேரணும்னு ஐ.நா. சபை 2022ல சொல்லியிருக்கு. எல்லாருக்கும்னா செல்லு வாட்ச்மேன் ரூம்ல கெடக்கிற பொம்பளைகளும் அதுல சேத்தியா? உள்குத்தகைக்கு விட்ட ரூம்லயும், மரத்தடியிலயும் ஒளிஞ்சு வேலை பாக்குறவங்க சேத்தியா? அவங்க எந்த வருகைப் பதிவேட்டுலயும் இல்ல. சங்கு வச்சாலும் அவங்களுக்குன்னு ஊதாது. இதுக்கு என்கிட்டயும் பதில் இல்ல.

அடுத்த கூட்டம் போடுறவங்க எங்க ஊர்லயே போடுங்க. மந்தையில எடம் இருக்கு, டீக்கு நான் பொறுப்பு. ஞாயித்துக்கிழமையாப் பாத்து வாங்க. மத்த நாள்ல காலையிலயே வேன் வந்துரும், நீங்க யாருக்குச் சொல்லணுமோ அவங்க ஒருத்தரும் ஊர்ல இருக்க மாட்டாங்க.