இலவசப் பாட்டும் சந்தாப் பாட்டும்: காதுக்கு எட்டும் வித்தியாசம் எவ்வளவு?

கோவையிலிருந்து அவினாசி செல்லும் நெடுஞ்சாலையில் இருக்கிறது கருமத்தம்பட்டி. அங்கும் அடுத்துள்ள சோமனூரிலும் விசைத்தறியின் ஓசை கேளாத பொழுது அபூர்வம். முன்னாளில் தறிக்குடோனுக்குள் ரேடியோப் பெட்டி பாடியது. பிறகு டேப்ரிக்கார்டர் வந்தது. இன்று தறி ஓட்டுபவரின் சட்டைப் பையில் கைப்பேசி. காதில் கம்பியில்லா இயர்போன். பாட்டு இலவசமாகவே வருகிறது. ஆயினும், சந்தா கட்டினால் இதைவிடத் துல்லியமாகக் கேட்கலாம் என்று இடையிடையே விளம்பரம் ஆசை காட்டுகிறது. அந்தத் துல்லியம் எத்தகையது? கூலிக்குத் தறி ஓட்டுபவர் அதற்குப் பணம் கொடுப்பது தகுமா? சிறிய கேள்விதான். ஆனால் விசாரித்துப் பார்த்தால், பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று அதில் அடங்கியிருப்பது புலனாகும்.

பிழிந்தெடுத்த ஒலி

குறுந்தகட்டில் ஒலியை ஒரு விநாடிக்கு 44,100 தடவை அளந்து பதிவு செய்கிறார்கள். இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் சேர்த்து அது விநாடிக்கு 1,411 கிலோபிட் ஆகிறது. இத்தனையையும் கைப்பேசிக்கு அனுப்புவது செலவு மிகுந்த காரியம். ஆகவே ஒலியைப் பிழிந்து அனுப்புகிறார்கள். உரத்த ஓசை ஒன்று கேட்கும்போது, அதன் அருகே ஒலிக்கும் மெல்லிய ஓசை நம் காதில் விழுவதில்லை. எப்படியும் விழாத அந்த ஓசையை நீக்கிவிட்டால் நஷ்டம் என்ன? ஜெர்மன் ஆராய்ச்சியாளர்கள் உருவாக்கிய எம்.பி.3 முறைக்கும், அதற்குப் பின் வந்த முறைகளுக்கும் இதுவே அஸ்திவாரம்.

விலையும் சரக்கும்

2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்த ஸ்பாட்டிஃபையில், இலவசமாகக் கேட்பவருக்குக் கைப்பேசியில் அதிகபட்சம் 160 கிலோபிட் கிடைக்கிறது. 2025 நவம்பரில் அந்த நிறுவனம் தன் சந்தாவை மூன்று படிகளாகப் பிரித்தது. மாதம் 139 ரூபாய்ப் படியில் 160 கிலோபிட்; 199 ரூபாய்ப் படியில் 320; 299 ரூபாய்ப் படியில் எதையும் இழக்காத முழு ஒலி. வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதல் படியில் பணம் கொடுப்பவருக்கும் இலவசக்காரருக்கும் ஒலியில் வித்தியாசமே இல்லை. 139 ரூபாய் விளம்பரத்தை நிறுத்துவதற்கான விலையேயன்றி, துல்லியத்துக்கான விலை அன்று.

யூடியூப் மியூசிக்கில் இலவசத்துக்கு 128, சந்தாவுக்கு 256 கிலோபிட். ஆப்பிள் மியூசிக்கில் இலவசப் பந்தியே கிடையாது. ஆனால் 2021 ஜூன் முதல் முழு ஒலிக்கென்று தனிக் கட்டணமும் கிடையாது. 'கானா' 2022-ல் இலவசச் சேவையை நிறுத்திற்று. 'விங்க்' 2024-ல் கடையையே மூடிற்று.

காது என்ன சொல்கிறது?

அமைதியான அறையில், நல்ல ஹெட்போனில், 128-ஐயும் 320-ஐயும் அடுத்தடுத்துக் கேட்டால், ஜால்ராவின் கிணுகிணுப்பிலும் கைதட்டலிலும் பழகிய காது வித்தியாசம் காணக்கூடும். 160-க்கும் 320-க்கும் இடையே அது இன்னும் நுணுக்கமானது. 320-க்கும் முழு ஒலிக்கும் இடையே பெரும்பாலோர் தடுமாறவே செய்வர். ஐம்பதுகளின் சினிமாப் பாட்டில் அசல் பதிவிலேயே இல்லாத நுட்பத்தை எந்தச் சந்தாவும் கொண்டுவந்து சேர்க்காது. மேலும், கம்பியில்லா இயர்போனுக்குப் பாட்டைக் கடத்தும் புளூடூத் ஒலியை மறுபடியும் பிழிகிறது. 299 ரூபாய்க்கு வாங்கிய முழு ஒலி, காதுக்கு அரை அடி தூரத்தில் முழுமையை இழந்துவிடுகிறது!

இனி, தறிக்குடோனுக்குள் வருவோம். அங்கே நாடா அடிக்கும் ஓசையே மெல்லிய ஒலிகளையெல்லாம் விழுங்கிவிடுகிறது. எம்.பி.3 கணக்குப் போட்டுச் செய்த வேலையைத் தறி கணக்கில்லாமல் செய்கிறது. அங்கே 160-க்கும் 320-க்கும் உள்ள பேதத்தைத் தேடுவது, திருவிழாக் கூட்டத்தில் ரகசியம் கேட்பது போன்றதுதான்.

டேட்டாக் கணக்கும் உண்டு. 160 கிலோபிட்டில் ஒரு மணி நேரத்துக்கு 72 மெகாபைட் செலவாகும், 320-இல் 144. பன்னிரண்டு மணி நேர ஷிப்டு முழுவதும் பாட்டு ஓடினால், முன்னதற்கு 864 மெகாபைட், பின்னதற்கு 1,728. நாளொன்றுக்கு ஒன்றரை ஜி.பி. டேட்டா வாங்கியவருக்கு, உயர்ந்த தரம் ஷிப்டு முடியுமுன்பே நின்றுவிடும். பாட்டுகளை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளும் வசதிதான் 199 ரூபாய்ப் படியின் மெய்யான லாபம்.

பெரிய நஷ்டம் எது?

தறியின் ஓசையை அமுக்குவதற்காகப் பாட்டின் சத்தத்தைக் கூட்டும் வழக்கமே கவலைக்குரியது. வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் 80 டெசிபலைத் தாண்டலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. 90 டெசிபலானால் வாரத்துக்கு நான்கு மணி நேரமே. இந்தியத் தொழிற்சாலைகளுக்கு விதிக்கப்பட்ட உச்சமும் எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபல்தான். விசைத்தறிக் கூடங்களில் ஓசை அந்த அளவைத் தாண்டுவது வாடிக்கை. அதற்கு மேலும் ஓங்கிப் பாட்டுக் கேட்டால், காது இரட்டைச் சுமையைத் தாங்க வேண்டும். முதலில் பழுதாவது கீச்சென்ற மெல்லொலிகளைக் கேட்கும் சக்தி. எந்த நுட்பத்துக்காகச் சந்தா கேட்கிறார்களோ, அந்த நுட்பத்தைக் கேட்கும் திறனே போய்விடுகிறது. இவ்விதம் இழந்த செவித்திறன் திரும்பக் கிடைப்பதில்லை.

ஆகவே, தறிக்குடோனில் கேட்பவருக்கு இலவசமே போதும். காதுக்கு அடைப்பான் போட்டு வேலை செய்துவிட்டு, ஓய்வில் பாட்டுக் கேட்பது அதனினும் உத்தமம். வீட்டில் அமைதியாக அமர்ந்து கம்பி இணைத்த நல்ல ஹெட்போனில் கேட்பவர், ஒரு மாதம் 199 ரூபாய்ப் படியைச் சோதித்துப் பார்க்கலாம். எது எந்தத் தரம் என்று சொல்லாமல் வீட்டில் ஒருவரை மாற்றி மாற்றிப் போடச் சொல்லி, பத்துக்கு எட்டு முறையாவது சரியாகக் கண்டுபிடிக்க முடிகிறதா என்று பார்க்கட்டும். முடியாவிட்டால், அந்தப் பணத்தில் நல்ல இயர்போன் ஒன்று வாங்கிக்கொள்வதே புத்திசாலித்தனம்.