திருப்பிக் கொடுப்பவரும் விற்பவரே

பெருநாள் கழிந்த இரண்டாம் வாரத்தில் என் மகன் தன் கையாலேயே ஒரு கணினியைப் பூட்டினான். பொறியியல் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். பெருநாள் காசு, விடுமுறையில் தெருப்பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துச் சேர்த்த பணம், துபாயிலிருக்கும் அவனுடைய மாமா அனுப்பியது என எல்லாம் சேர்ந்து 70,000 ரூபாயை நெருங்கிய தொகை. கீழக்கரையிலிருந்து இருவருமாகச் சென்னைக்குச் சென்று, ரிச்சி தெருவில் ஒரே கடையில் எல்லாப் பாகங்களையும் வாங்கினோம். பெட்டிகளை மடியிலும் காலடியிலுமாக வைத்துக்கொண்டு இரவு இரயிலில் வந்து இராமநாதபுரத்தில் இறங்கினோம். மறுநாள் அஸருக்குப் பிறகு கூடத்தில் மேசையை இழுத்துப் போட்டு வேலையைத் தொடங்கினான். இஷாவுக்கு முன்பாகவே திரையில் ஒளி வந்துவிட்டது. அவனுடைய உம்மா தேங்காய்ப்பாலில் பாயசம் காய்ச்சினார்.

கணினி பத்து நிமிடம் ஓடியது. பிறகு திரை கறுத்தது. விசிறிகள் ஒரு கணம் நின்றன. யாரும் தொடாமலே மறுபடி துவங்கியது. அன்றிரவு அவ்வாறு ஒன்பது முறை நடந்தது. சில வேளை விண்டோஸ் திறந்து ஒரு மணி நேரம் அமைதியாக ஓடும். சில வேளை நிறுவனத்தின் சின்னம் தோன்றும் முன்பே விழுந்து எழும். முற்றிலும் ஓடாத எந்திரத்தைப் பழுது பார்ப்பது எளிது. ஓடியும் ஓடாமலும் இருப்பதுதான் ஆளைத் தின்னும்.

இனி என் குற்றத்தைச் சொல்கிறேன். மறுநாள் காலை கடைக்குத் தொலைபேசியில் அழைத்து, எடுத்த பையனிடம் பழைய எஸ்.எம்.பி.எஸ்ஸைப் புதிய பெட்டியில் வைத்துத் தலையில் கட்டிவிட்டீர்கள் என்று கடுமையாகப் பேசினேன். என்னிடம் ஓர் ஆதாரமும் இருந்தது. விண்டோஸ் எழுதி வைக்கும் நிகழ்வுக் குறிப்பைத் திறந்தால் சிவப்பு எழுத்தில் 'கெர்னல்-பவர் 41' என்று வரிசையாக நின்றது. பவர் என்றுதானே சொல்கிறது, அப்படியானால் மின்வழங்கிதானே கோளாறு என்று முடிவு கட்டிவிட்டேன். பின்னர்தான் அந்தக் குறிப்பின் பொருளை விளங்கிக்கொண்டேன். விண்டோஸ் மீண்டும் எழுந்தபின், "சென்ற முறை நான் முறையாக மூடப்படவில்லை" என்று எழுதும் பதிவு அது. விழுந்தவன் கண் விழித்ததும் நான் விழுந்திருந்தேன் என்று சொல்வதைப் போன்றது. தள்ளியது யார் என்று அது சொல்வதில்லை. சாட்சி சொல்லாத ஒன்றைச் சாட்சியின் வாயில் நானே போட்டு, அதைக்கொண்டு ஒரு பையனைத் திருடன் என்று சொல்லாமல் சொல்லிவிட்டேன்.

இத்தனைக்கும் நான் வளைகுடாவில் பதினெட்டு ஆண்டுகள் மின்பணி செய்தவன். அடிக்கடி விழும் பிரேக்கரைக் கண்டதும் பிரேக்கரை மாற்றுபவன் கற்றுக்குட்டி. ஒவ்வோர் இணைப்பாகக் கழற்றிவிட்டு எதில் விழுகிறது என்று பார்ப்பவனே மின்பணியாளன். அதை எத்தனை பேருக்குக் கற்றுக் கொடுத்திருப்பேன்! சொந்தப் பணம் போகிறது என்றதும் அந்த நிதானம் எங்கே போயிற்று?

ஒரு வாரம் கழித்து, கோபம் அடங்கிய பிறகு, தொழிலில் செய்ததையே வீட்டிலும் செய்தோம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது. மாற்றியதையும் விளைவையும் நோட்டில் எழுதுவது. வேறு தந்திரம் எதுவும் இல்லை. இரண்டு பாகங்களை ஒன்றாக மாற்றிச் சரியானால்கூட, எது காரணம் என்று தெரியாமலே போய்விடும்.

முதலில் வீட்டு மின்சாரம். சுவர்ப் பிளக்கில் 230 வோல்ட் ஒழுங்காக வந்தது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 2 வோல்ட்டுக்கும் குறைவு. யு.பி.எஸ்ஸைக் கழற்றி நேராகச் செருகினோம். மாற்றமில்லை. விண்டோஸில் பிழை நேர்ந்ததும் தானே மறுதுவக்கம் செய்யும் அமைப்பு ஒன்று உண்டு. அதை நிறுத்தினால் நீலத்திரை நின்று காரணத்தைக் காட்டும். நிறுத்தினோம். நீலத்திரை வராமலே விழுந்தது. பயாஸ் திரையில் சும்மா நிற்கும்போதும் விழுந்ததால் விண்டோஸ் மீதான சந்தேகம் தீர்ந்தது. வெப்பநிலை 38 டிகிரி. கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரிக்க மறப்பவர்கள் உண்டு, இவன் மறக்கவில்லை. கேபினெட்டின் ரீசெட் பொத்தான் உள்ளே சிக்கிக்கொண்டாலும் இதே நோய்தான், ஆகவே அந்தக் கம்பியையும் கழற்றிப் பார்த்தோம். மதர்போர்டை வெளியே எடுத்து அதன் அட்டைப் பெட்டியின் மேலேயே வைத்து ஓட்டினோம். அடியிலிருக்கும் பித்தளைக் கால்களில் எங்கேனும் உரசிச் சுருங்குமின் ஆகிறதா என்று அறிய. அங்கும் விழுந்தது. பக்கத்துத் தெரு மருமகனின் நல்ல எஸ்.எம்.பி.எஸ்ஸை இரவல் வாங்கிப் பூட்டினோம். அதிலும் விழுந்தது. நான் திட்டிய பொருள் நிரபராதி என்று அன்று தெரிந்தது. அன்றே கடைக்கு அழைத்திருக்க வேண்டும். அழைக்கவில்லை.

(புத்தம் புதிய டி.டி.ஆர்.5 ராம் பூட்டியவர்கள் இதைப் படித்தால் ஒரு சொல்: முதல்முறை துவங்கும்போது நினைவகத்தைப் பழக்கிக்கொள்வதற்காகச் சில நிமிடம் திரை கறுத்தே இருக்கலாம், ஓரிரு முறை தானே அணைந்து எரியலாம். அது நோயன்று. பொறுத்திருங்கள். எங்களுடையது டி.டி.ஆர்.4, அந்தச் சாக்கு எங்களுக்கு இல்லை.)

மிஞ்சியது ராம். 8 ஜி.பி. கொண்ட இரண்டு பட்டைகள். வேகத்தைக் கூட்டும் எக்ஸ்.எம்.பி. அமைப்பை நிறுத்தினோம்; பயனில்லை. பிறகு ஒரு பட்டையைக் கழற்றி, மற்றதைச் செயலியிலிருந்து இரண்டாவது இடத்தில் மட்டும் விட்டோம். மெம்டெஸ்ட்86 இரவு முழுவதும் ஓடி, நான்கு சுற்றும் பிழையின்றி முடிந்திருந்தது. சுப்ஹுக்கு எழுந்தவன் அதைப் பார்த்துவிட்டு என்னை எழுப்பினான். அப்படியானால் மற்றப் பட்டைதான் பழுது என்று இருவரும் மகிழ்ந்தோம். அதே இடத்தில் அந்தப் பட்டையைப் பூட்டினோம். அதுவும் பிழையின்றி ஓடியது! இரண்டும் நல்லவை. ஆனால் எதைக் கொண்டுபோய் நான்காவது இடத்தில் செருகினாலும் சில நிமிடங்களில் விழுந்தது.

இங்கே சிறிது விளக்கம் வேண்டும். முன்பு நினைவகத்தை ஆளும் பகுதி மதர்போர்டில் தனிச் சில்லாக இருந்தது. இப்போது அது செயலிக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே ராமிலிருந்து புறப்படும் ஒவ்வொரு தடமும் செயலி அமரும் சாக்கெட்டின் வழியாகத்தான் போயாக வேண்டும். இன்டெல்லின் இந்த 12ஆம் தலைமுறைச் செயலிக்கான சாக்கெட்டில் 1700 ஊசிகள் உள்ளன. ஒவ்வொன்றும் தலைமுடியைப் போன்ற மெல்லிய வளைவு. பழைய காலத்தில் ஊசிகள் செயலியின் அடியில் இருந்தன, இன்டெல் 2004ஆம் ஆண்டு முதல் அவற்றை மதர்போர்டுக்கு மாற்றிவிட்டது, ஏ.எம்.டி.யும் 2022இல் ஏ.எம்.5 சாக்கெட்டுடன் அந்த வழிக்கு வந்தது. செயலியைச் சற்றுச் சாய்த்து வைத்தாலோ, கை தவறி ஒரு மூலை விழுந்தாலோ போதும்.

கூலரைக் கழற்றி, தெர்மல் பேஸ்டைத் துடைத்து, செயலியை எடுத்தோம். கைப்பேசியின் விளக்கைச் சாய்த்துப் பிடித்தபோது, ஒரே சீராக மின்னிய ஊசிகளுக்கு நடுவே ஓரிடம் மட்டும் வேறுவிதமாக மின்னியது. இரண்டு ஊசிகள் படுத்திருந்தன.

நான் ஒன்றும் பேசவில்லை. அவன்தான் பேசினான். "வாப்பா, வைக்கும்போது கை நழுவிச்சு. ஒரு சத்தம் கேட்ட மாதிரி இருந்துச்சு. ஒண்ணும் ஆயிருக்காதுன்னு நெனச்சேன்."

மூன்று வாரம்! அந்தச் சொல்லை முதல் நாளே சொல்லியிருந்தால் முதல் நாளே சாக்கெட்டைத் திறந்து பார்த்திருப்போம். ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாயெடுத்தேன். விடை எனக்கே தெரிந்திருந்தது. ஐந்தாம் வகுப்பில் அவன் கடிகாரத்தைக் கழற்றிப் போட்டதற்கு நான் கொடுத்த அடி எனக்கு நினைவிருக்கிறது, அவனுக்கு நினைவிருக்காதா? நம் வீடுகளில் உடைந்த பொருளைப் பற்றி முதலில் எழும் கேள்வி "யார் உடைத்தது?" என்பதுதான். எப்படி உடைந்தது என்று யாரும் கேட்பதில்லை. ஆகவே பிள்ளைகள் முதல் கேள்விக்குத் தப்பும் வழியைக் கற்றுக்கொள்கிறார்கள். நம் பிள்ளைகள் பொய் சொல்கிறார்கள் என்று வருந்தும் பெற்றோரோடு நானும் உட்கார்ந்து வருந்தியிருக்கிறேன். இப்போது அந்த வருத்தத்தில் எனக்குரிய பங்கு எவ்வளவு என்று பார்க்கத் தோன்றுகிறது.

அன்று மாலை கைப்பேசி வணிகம் செய்யும் உறவினர் ஒருவர் வந்தார். விவரம் கேட்டார். சிரித்தார். "சாக்கெட் மேல இருந்த கறுப்பு மூடி இருக்குல்ல? அதைப் போட்டு மூடி, பெட்டியில வச்சு, திறக்கும்போதே இப்படித்தான் இருந்துச்சுன்னு சொல்லுங்க மச்சான். கம்பெனிக்கு இதெல்லாம் ஒரு காசா?" என்றார். கெட்ட மனிதர் அல்லர். ஸக்காத்தைக் கணக்குப் பார்த்துக் கொடுப்பவர். நானும் உடனே மறுக்கவில்லை என்பதை எழுதத்தான் வேண்டும். வாரண்டி இன்னும் மூன்றாண்டு இருக்கிறதே என்று இரவு முழுவதும் மனம் கணக்குப் போட்டது.

குறையை மறைத்துப் பொருளை விற்பது நம் மார்க்கத்தில் எத்துணைப் பெரிய குற்றம் என்று எத்தனையோ ஜும்ஆ உரைகளில் கேட்டிருக்கிறோம். ஆனால் அதைக் கடைக்காரருக்குச் சொன்னதாகவே கேட்டுப் பழகிவிட்டோம். கடைக்குப் போய் ஒரு பொருளை நீட்டி, இதற்கு ஈடாக நல்லதைத் தா என்று கேட்கும் கணத்தில் விற்பவர் யார், வாங்குபவர் யார்? நாம் தருவது பழுதானது, பெறுவது புதியது, நடுவில் நிற்பது நம் வாய்ச்சொல் மட்டுமே. அந்த நேரத்தில் நாமே விற்பவர். இதுவே என் கருத்து.

கம்பெனிக்கு நட்டமில்லை என்ற வாதமும் சரியன்று. சேவை மையத்தில் பலகையைக் கையிலெடுத்ததும் முதலில் நோக்குவது சாக்கெட்டைத்தான். கை பட்ட சேதம் வாரண்டியில் சேராது. ஏற்க மறுத்துத் திருப்பி அனுப்பினால் நட்டம் வந்து நிற்பது அந்தச் சிறு கடையின் மேசையில்; நமக்கு முன்பே மாற்றுப் பலகை கொடுத்துவிட்டிருந்தால் அவர் யாரிடம் போய்க் கேட்பார்? மேலும், உண்மையிலேயே வளைந்த ஊசியோடு வந்த பலகைகளும் உண்டு. அப்படிப்பட்ட ஒன்றை வாங்கிய ஓர் ஏழை மாணவனின் சொல்லை இன்று எந்தக் கடைக்காரரும் நம்பாததற்கு, நம்மைப் போன்றோர் சொல்லிவைத்த பொய்களே காரணம். கடைக்காரர்களில் பழையதைப் புதியதென்று விற்பவர்கள் இல்லவே இல்லை என்றும் நான் வாதிட வரவில்லை. அதற்குப் பரிகாரம் வேறு: பணம் கொடுக்கும் முன்பு கடையிலேயே பெட்டியைப் பிரித்து, மூடியைத் தூக்கி, சாக்கெட்டை இருவர் முன்னிலையிலும் படமெடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிட வேலை. இரு தரப்பையும் காக்கும்.

அடுத்த வாரம் பலகையோடு நாங்கள் மறுபடி சென்னைக்குச் சென்றோம். நடந்ததை மகனே சொன்னான். கடைக்காரர் கேட்டுக்கொண்டார், வாரண்டியில் வராது என்றார், கோபப்படவும் இல்லை, பாராட்டவும் இல்லை. நான் தொலைபேசியில் திட்டிய பையன் உள்ளே பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். அவனிடம் போய் மஆஃப் கேட்டேன். யாரென்று அவனுக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியதும், "ஒரு நாளைக்குப் பத்துப் பேரு திட்டுவாங்க பாய்" என்றான். அது எனக்கு ஆறுதலாக இல்லை.

கைப்பேசிப் பலகைகளை நுண்ணோக்கியின் கீழ் பழுது பார்க்கும் ஒருவரைக் கடைக்காரரே காட்டிவிட்டார். உடைந்தால் நான் பொறுப்பில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் அவர் ஊசியைத் தொட்டார். ஒன்று நிமிர்ந்தது. மற்றது ஒடிந்தது. 400 ரூபாய் வாங்கிக்கொண்டார்.

இப்போது கணினி ஓடுகிறது. இரண்டு ராம் பட்டைகளும் முதல் இரண்டு இடங்களில், ஒரே தடத்தில் இருக்கின்றன. வேகம் சற்றுக் குறைவு. பெரிய வரைபடங்களைத் திறக்கும்போது அவன் முகத்தில் அது தெரிகிறது. மூன்றாம், நான்காம் இடங்கள் காலி. விழுந்து எழுவது நின்று நான்கு மாதம் ஆகிறது. புதிய மதர்போர்டுக்காக மறுபடி பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறான். பாதியை நான் தருகிறேன் என்றேன். வேண்டாம் வாப்பா என்கிறான்.