கோளாறு பைண்டிங்கில் இல்லை

திரையில் 450 என்று இருக்கிறது. சேமித்த பிறகு பார்த்தால் 0. தெரிந்தவர் ஒருவரின் பால் கடைக்காக நான் பராமரிக்கும் கடன் கணக்குப் பக்கம் இப்படி என்னை இரண்டு இரவுகள் உட்கார வைத்துவிட்டது. ஆங்குலர்ஜேஎஸ்-இல் எழுதிய பழைய பக்கம். (அதற்கான ஆதரவு 2021 டிசம்பரோடு முடிந்துவிட்டது; ஆனாலும் ஓடிக்கொண்டிருக்கும் பக்கங்கள் உண்டு.) "டேட்டா பைண்டிங் தகராறு செய்கிறது, வேறு ஃபிரேம்வொர்க்குக்கு மாறிவிடு" என்றார் நண்பர். இந்த யோசனையை அடிக்கடி கேட்கிறேன். எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

நடந்தது இதுதான். கடன் என்று டிக் செய்தால் மட்டும் தொகைப் பெட்டி தோன்றட்டும் என்று, அதை என்ஜி-இஃப் என்பதற்குள் வைத்தேன். என்ஜி-இஃப் தனக்கென்று ஒரு குட்டி ஸ்கோப்பை உருவாக்கிக்கொள்ளும். அதற்குள்ளிருந்து ஒரு வேரியபிளைப் படிக்கும்போது, அங்கே இல்லாவிட்டால் வெளி ஸ்கோப்பில் போய்த் தேடும். எழுதும்போது வெளியே போகாது. உள்ளேயே அதே பெயரில் புதிதாக ஒன்றை உண்டாக்கிவிடும். ஆக, 'தொகை' என்று இரண்டு வேரியபிள்கள். உள்ளே 450, வெளியே 0. சேமிக்கும் ஃபங்ஷன் பார்ப்பதோ வெளியே இருப்பதை. பைண்டிங் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறது. எரர் செய்தி ஒன்றுகூட வராததுதான் கொடுமை.

உங்களுக்கும் இப்படி நேர்ந்தால், அந்த வேரியபிளை இரட்டை வளைவு அடைப்புக்குள் போட்டு, என்ஜி-இஃப்புக்கு உள்ளே ஒரு முறை, வெளியே ஒரு முறை திரையில் காட்டிப் பாருங்கள். இரண்டு மதிப்புகள் தெரிந்தால் திருடன் அகப்பட்டான். நான் தொகையை 'பில்' என்ற ஆப்ஜெக்டுக்குள் வைத்து, இரண்டு பெயருக்கும் நடுவே ஒரு புள்ளி வைத்தேன். எழுதும் முன் 'பில்' எங்கே என்று தேடியாக வேண்டும். அப்போது வெளியே உள்ள ஆப்ஜெக்டே கிடைத்துவிடுகிறது.

ஃபிரேம்வொர்க்கை மாற்றியிருந்தால் தப்பித்திருப்பேனா? வியூ 3-இல் ரியாக்டிவ் ஆப்ஜெக்டிலிருந்து ஓர் எண்ணைத் தனி வேரியபிளில் எடுத்தால், அங்கேயும் இணைப்பு அறுந்துவிடும். ஃபிரேம்வொர்க்கே இல்லாத ஜாவாஸ்கிரிப்டில், 'வார்' போட்ட லூப்பில் 5 பட்டன்களுக்கு கிளிக் ஃபங்ஷன் எழுதினால், எதை அழுத்தினாலும் கடைசி எண்தான் வரும். 2015-இல் வந்த 'லெட்' அந்த ஒன்றைத் தீர்த்தது.

என் பக்கத்தில் இரண்டு நாள் கடன்கள் பூஜ்யமாகப் பதிவாகியிருந்தன. கடைக்காரர் நினைவிலிருந்து சொல்லச் சொல்ல டைப் செய்தேன். ஒன்றிரண்டு விட்டுப்போயிருக்கும் என்கிறார்.