நரம்பு நோவும் நமது கடமையும்

"இனி இதற்கு மருந்தில்லை, பழகிக்கொள்ள வேண்டியதுதான்." இந்த வாக்கியம் நமது வைத்தியசாலைகளில் நாள்தோறும் உச்சரிக்கப்படுகிறது. நீரிழிவினால் பாதத்து நரம்புகள் கெட்டு, இரவெல்லாம் உள்ளங்காலில் தணல் கொட்டியதுபோல் எரிய, போர்வையின் நுனி பட்டாலும் துடித்தெழும் மனிதன், நாலைந்து மாதம் மாத்திரை விழுங்கியும் பயன் காணாமல் திரும்ப வந்து நிற்கும்போது, அவனுக்கு அளிக்கப்படும் தீர்ப்பு இதுவே. தூக்குத் தண்டனைக்கும் மேல் கோர்ட்டு உண்டு. இத்தீர்ப்புக்கு அப்பீல் இல்லை என்று எண்ணி அவன் வீடு திரும்புகிறான். அப்பீல் உண்டு என்று சொல்லவே இன்று எழுதப் புகுந்தோம்.

இது யாரோ சிலருடைய சங்கடமன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான பெரிய கணக்கெடுப்பின்படி, நாட்டில் நீரிழிவு உடையோர் சுமார் 10 கோடி. அவர்களில் பத்தில் ஒருவருக்கே இந்த நோவு உண்டென்று மிகவும் குறைத்து மதித்தாலும் ஒரு கோடிப் பேர் ஆகிறார்கள். தறியில் மிதிப்பவர், பஸ்ஸில் நின்று டிக்கெட் கிழிப்பவர், கரும்பலகை முன் நின்று போதிக்கும் உபாத்தியாயர் ஆகிய யாவரும் இக்கூட்டத்தில் இருக்கிறார்கள். புண் இல்லை, வீக்கம் இல்லை. எக்ஸ்ரேயிலும் ஒன்றும் தெரிவதில்லை. ஆகவே வீட்டார் சோம்பல் என்கிறார்கள், முதலாளி பாசாங்கு என்கிறான். நோவைக் காட்டிலும் பிறர் நம்பாமையே சிலரை அதிகமாக வதைக்கிறது.

இந்த நோவின் தன்மையை அறிந்தால் மருந்து தோற்பதன் காரணமும் விளங்கும். முள் தைத்தால் வலிக்கிறது. அது திருடன் வந்ததைக் கண்டு காவற்காரன் கூவுவது போன்றது. நரம்பு நோவிலோ காவற்காரனுக்கே புத்தி பேதலித்துவிட்டது. திருடனும் இல்லை, கதவும் உடையவில்லை; அவன் இரவெல்லாம் கூவிக்கொண்டிருக்கிறான். பாரசிட்டமாலும் டைக்ளோஃபினாக்கும் இக்கூச்சலுக்குப் பெரும்பாலும் பயன்படா. டைக்ளோஃபினாக் போன்றவற்றை மாதக்கணக்கில் விழுங்கினால், நீரிழிவினால் ஏற்கெனவே நலிந்த சிறுநீரகத்துக்குக் கேடு வேறு வந்து சேரும். இதற்கென்று ஏற்பட்ட மருந்துகள் மனச்சோர்வுக்கும் காக்காய் வலிப்புக்கும் முதலில் வழங்கியவை: அமிட்ரிப்டிலின், டியூலாக்ஸிடின், காபாபென்டின், ப்ரிகாபலின். அட்டையில் வந்த காகிதத்தைப் படித்த நோயாளி, தம்மைப் பைத்தியம் என்று வைத்தியர் கருதிவிட்டாரோவென மனம் நொந்து மாத்திரையைக் குப்பையில் எறிகிறார். இரண்டு நிமிஷம் உட்கார வைத்து விஷயத்தைச் சொல்லியிருந்தால் இது நேர்ந்திராது.

மருந்து தோற்றது என்று சொல்லப்படுகிறதே, அது மெய்யாகத் தோற்றதா என்பதே முதற்கேள்வி. இரவில் 300 மில்லிகிராம் காபாபென்டின் பத்து நாள் தின்றுவிட்டுப் "பலிக்கவில்லை" என்று கைவிடுவோர் ஏராளம். பரிசோதனைகளில் பயன் கண்ட அளவோ நாளொன்றுக்கு 1,800 மில்லிகிராமும் அதற்கு மேலும் ஆகும். சிறுநீரகத்தின் நிலையை அறிந்து, வாரக்கணக்கில் படிப்படியாக ஏற்றி, தலைசுற்றலையும் தூக்க மயக்கத்தையும் கவனித்தே அந்த அளவை எட்டவேண்டும். அதற்குப் பொறுமை வேண்டும். ஒரே வைத்தியர் மறுபடியும் மறுபடியும் பார்க்க வேண்டும். வரிசையில் இருநூறு பேர் நிற்கும் ஆஸ்பத்திரியில் அதை எதிர்பார்க்க இயலுமா என்று கேட்பீர்கள். இயலாமல் இருப்பதுதான் நமது குறை.

சரியான அளவில் கொடுத்தும் தோற்பது உண்டு. அதையும் மறைக்க வேண்டியதில்லை. வெற்று மாத்திரையால் கிடைப்பதற்கு மேலாக ஒருவருக்கு நோவு பாதியாகக் குறைவதற்கு, அமிட்ரிப்டிலின் வகையைச் சுமார் நால்வருக்கும், ப்ரிகாபலினைச் சுமார் எண்மருக்கும் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று 2015-ல் வெளியான ஒரு பேராய்வு கணக்கிட்டது. ஆகவே முதல் மருந்து பலிக்காமற் போவது நோயாளியின் தலைவிதியுமன்று, குற்றமுமன்று. மருந்தின் இயல்பு அது. 2022-ல் இங்கிலாந்தில் நீரிழிவு நரம்பு நோவுடைய சுமார் 130 பேரைக் கொண்டு நடந்த பரிசோதனையின் முடிவு நமக்கு மிகவும் பயன்படுவது. அமிட்ரிப்டிலின், டியூலாக்ஸிடின், ப்ரிகாபலின் ஆகிய மூன்றில் எதை முதலில் தொடங்கினாலும் பயன் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. ஒன்றால் போதிய சுகம் காணாதவர்களுக்கு இரண்டாவது மருந்தைச் சேர்த்தபோது நோவு மேலும் குறைந்தது. ஒன்று தோற்றால் கையை விரிக்க வேண்டியதில்லை, இரண்டாவதைச் சேர்த்துப் பார் என்பதே இதன் பொருள். இம்மாத்திரைகள் நம் நாட்டிலேயே செய்யப்படுகின்றன. கப்பலேறி வரவேண்டிய அபூர்வ சரக்கு ஒன்றும் இதில் இல்லை.

நரம்பைக் கெடுப்பது சர்க்கரை ஒன்றுதானா என்றும் பார்க்க வேண்டும். மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருஷம் உண்பவர்களில் சிலருக்கு பி-12 என்னும் வைட்டமின் குறைகிறது. அக்குறைவே நரம்பைக் கெடுக்கும். ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும் விஷயம் இது. மதுபானமும் குஷ்டமும் இவ்வாறே நரம்பை அரிக்கும். இவற்றை ஆராயாமல், வைட்டமின்தானே என்று மாத்திரைகளை அள்ளித் தின்பதும் பிழை. பி-6 அளவுக்கு மீறினால் அதுவே நரம்பைக் கெடுக்கும். ரகசியச் சூரணக்காரர்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? சூரணம் சிலவற்றில் ஈயமும் பாஷாணமும் இருப்பது பரிசோதனைகளில் வெளிப்பட்டிருக்கிறது. அவ்விரண்டும் நரம்புக்கு நஞ்சு. நோவு தீரவென்று காசு கொடுத்து நோவை வாங்குகிறார்கள்.

மாத்திரைகள் யாவும் கைவிட்ட பின்னரும் வழி அடைபடவில்லை. நமது மிளகாயின் காரம் எந்த வாயில் வழியாக நரம்பில் எரிச்சலை மூட்டுகிறது என்று கண்டறிந்தவர் அமெரிக்கரான டேவிட் ஜூலியஸ். அதற்காக 2021-ல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். அந்தக் காரச்சத்தை 8 சதவிகிதம் ஏற்றிய பட்டையைப் பாதத்தில் அரைமணி நேரம் ஒட்டி எடுப்பது நீரிழிவு நரம்பு நோவுக்கு ஏற்ற சிகிச்சையென 2020-ல் அமெரிக்க சர்க்கார் அங்கீகரித்தது. (வீட்டு அம்மியில் அரைத்துப் பூசிக்கொள்ளும் காரியமன்று இது, உணர்ச்சி குன்றிய காலில் மிளகாயும் வெந்நீர் ஒற்றடமும் பனிக்கட்டியும் புண்ணையே உண்டாக்கும்.) முதுகுத்தண்டின் அருகே மின்கம்பி பதித்து நோவை அடக்கும் முறை 1967-ல் தொடங்கியது, இன்று பல லட்ச ரூபாய் செலவில் நடக்கிறது. அது ஏழைக்கு எட்டாது. எட்டக்கூடியதும் உண்டு. நமது ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற வி. எஸ். ராமச்சந்திரன், வெட்டப்பட்டுப் போன கையில் வலிக்கிறது என்று அலறியவர்களில் சிலருக்கு, ஒரு சாதாரணக் கண்ணாடியைக் கொண்டே அந்த வலியைத் தணித்துக் காட்டினார். பாதத்து எரிச்சலுக்குக் கண்ணாடி உதவும் என்று நாம் சொல்லவில்லை. நோவு முடிவாக உருப்பெறுவது மூளையில் என்பதும், அவ்விடத்தைப் பழக்க முடியும் என்பதும் அதனால் தெரிகின்றன. தினமும் அளவாக நடத்தல், தூக்கத்தை ஒழுங்கு செய்தல், நோவைக் கண்டு அஞ்சி ஒடுங்காதபடி மனத்துக்குப் பயிற்சி அளித்தல் ஆகியவை அந்த வகையைச் சேர்ந்தவை. நோவு அறவே போகாது. ஆனால் வேலைக்குப் போக முடியும், பிள்ளைகளோடு பேச முடியும். "பழகிக்கொள்" என்று வாசலைக் காட்டுவதும், எப்படிப் பழகுவது என்று கைபிடித்துக் கற்பிப்பதும் ஒன்றாகுமா?

அபினிச் சத்து மருந்துகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சர்க்கார் லைசென்ஸில் அபினி விளைவிக்கும் நாடு நமது நாடு. ஆயினும் 1985-ம் வருஷச் சட்டத்தின் கெடுபிடியால், புற்றுநோயாளிகளுக்குங்கூட மார்ஃபின் கிடைக்காத காலம் நெடுநாள் நீடித்தது. 2014-ல்தான் சட்டம் திருத்தப்பட்டது. நரம்பு நோவுக்கு அது கடைசி மருந்து, பயனும் குறைவு, பழக்கமாகிவிடும் அபாயமும் உண்டு. அதை அள்ளி வழங்கி அமெரிக்கா பட்ட பாட்டை உலகம் அறியும். தக்க வைத்தியர் மேற்பார்வையில் தக்கவருக்கு மறுக்கப்படலாகாது என்பதே நம் அபிப்பிராயம்.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் புதிய நோய்ப் பட்டியல் 2022-ல் அமலுக்கு வந்தது. அது நீடித்த நோவைத் தனி நோயாகவே ஏற்றிருக்கிறது. நமது சர்க்கார் ஆஸ்பத்திரிகள் அதை எப்பொழுது ஏற்கும்? அயலிலுள்ள கேரளத்தில், கோழிக்கோட்டில் 1993-ல் சில வைத்தியர்கள் தொடங்கிய நோவு தணிப்புச் சங்கம் ஊர் ஊராகத் தொண்டர்களைத் திரட்டிப் பரவி, 2008-ல் அந்த ராஜ்யத்தின் கொள்கையாகவே ஆயிற்று. தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் ஊழியர்கள் நீரிழிவு மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டு செல்கிறார்கள். வாசல் வரை சென்றவர்கள், "இரவில் கால் எரிகிறதா? தூக்கம் வருகிறதா?" என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டுக் குறித்துக்கொண்டால் என்ன? எரிகிறது என்பவரை அனுப்பிவைக்க, ஒவ்வொரு மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியிலும் வாரம் ஒரு நாளேனும், வைத்தியரும் உடற்பயிற்சி சிகிச்சையாளரும் மனநல ஆலோசகரும் சேர்ந்து அமரும் நோவுச் சிகிச்சைப் பிரிவு வேண்டும். சட்டசபை உறுப்பினர்கள் வரும் பட்ஜெட் விவாதத்தில் இதை எழுப்பட்டும். ஊர்த் தொண்டர்கள் அதுவரை காத்திராமல், தத்தம் தெருவில் இரவில் உறங்காதோர் எத்தனை பேர் என்று ஒரு ஜாபிதா எடுத்து ஆஸ்பத்திரி அதிகாரியின் மேஜையில் வைக்கட்டும்.