வராத சாக்கடைக்கும் வாடகை!

வக்கீல் வேண்டும், ஆனால் மலிவாக வேண்டும். இந்த வாரம் நம் கண்ணில் பட்ட ஒரு நகராட்சி விளம்பரத்தின் சாரம் இதுதான். தனியார் பங்களிப்போடு கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் கட்டப் போகிறார்களாம். ஒப்பந்தத்தைப் பார்த்துக் கொடுக்கச் சட்ட ஆலோசகர் தேவையாம். யார் குறைந்த கட்டணம் கேட்கிறாரோ அவருக்கே வேலையாம். பிளீச்சிங் பவுடர் வாங்கும் அதே விதி, வக்கீலுக்கும்!

எதிர்த்தரப்பில் யார் வந்து உட்காருவார்கள்? வருடம் முழுக்க இதே மாதிரி ஒப்பந்தங்களை எழுதிப் பழகிய டெல்லி, மும்பை சட்ட நிறுவனத்தார். மணிக்கு இவ்வளவு என்று வாங்குகிறவர்கள். நம் பக்கத்தில் இருப்பவரோ, பகலெல்லாம் நிலத் தகராறும் செக் மோசடியும் பார்த்துவிட்டு மாலையில் ஃபைலைப் புரட்டுகிறவர். அவரைக் குறை சொல்லவில்லை. கொடுக்கிற கூலிக்கு அவ்வளவுதான் புரட்ட முடியும்.

புரட்டாமல் விட்ட பக்கத்தில் என்ன இருக்கும்? ஒரே ஒரு ஷரத்தைச் சொல்கிறோம்: குறைந்தபட்ச அளவு உத்தரவாதம். தினமும் இத்தனை லட்சம் லிட்டர் கழிவுநீர் ஆலைக்கு வந்து சேரும் என்று நகராட்சி வாக்குக் கொடுக்கிறது. வராவிட்டால், வந்ததாகவே வைத்துக்கொண்டு பணம் கட்ட வேண்டும். ஆலைக்குக் கடன் தரும் வங்கி இப்படி ஒரு உறுதியைக் கேட்பதில் தப்பில்லை. ஆனால் ஆலையைக் கம்பெனிக்காரர் சொன்ன தேதியில் கட்டி முடித்துவிடுவார். தெருத்தெருவாகப் பாதாளச் சாக்கடைக் குழாய் பதித்து வீடு வீடாக இணைப்புக் கொடுக்க வேண்டியது யார்? நகராட்சி! நெடுஞ்சாலைத் துறை அனுமதி, ரயில்வே அனுமதி, பாதியில் ஓடிய கான்ட்ராக்டர், அப்புறம் மழை, அப்புறம் தேர்தல். நம் ஊர் நமக்குத் தெரியாதா? அதுவரை வராத சாக்கடைக்கு மாதாமாதம் வாடகை.

பூச்சாண்டி காட்டவில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2021-ல் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள். இந்திய நகரங்களில் தினமும் உருவாகும் கழிவுநீர் சுமார் 7,200 கோடி லிட்டர். நிறுவப்பட்ட ஆலைகளின் கொள்ளளவு சுமார் 3,180 கோடி லிட்டர். உண்மையில் சுத்தமாவது ஏறத்தாழ 2,000 கோடி லிட்டர்தான். ஊரெல்லாம் சாக்கடை ஆற்றில் கலக்கிறது, கட்டி வைத்த ஆலையோ முழு வேலையில்லாமல் நிற்கிறது. எந்திரக் கோளாறும் காரணம், குழாய் போய்ச் சேராததும் காரணம். இந்த இடைவெளிக்கு யார் பணம் கட்டுவது என்பதைத் தீர்மானிப்பது அந்த ஒரு ஷரத்து.

விவரம் தெரிந்த வக்கீல் அதைத் திருத்தி எழுதுவார். வீட்டு இணைப்புகள் கூடக் கூடத்தான் உத்தரவாத அளவும் கூட வேண்டும் என்பார். குழாயையும் ஆலையையும் ஒரே நிறுவனத்தின் தலையில் கட்டுங்கள் என்பார். கங்கைக் கரையில், 'நமாமி கங்கே' திட்டத்தில், கட்டுமானச் செலவில் 40 சதவீதத்தைக் கட்டும்போதே கொடுத்துவிட்டு, மீதி 60 சதவீதத்தை 15 ஆண்டுத் தவணையாகக் கொடுக்கிறார்கள். ஆலை ஒழுங்காக ஓடினால்தான் தவணை ஒழுங்காக வரும். வாரணாசி, ஹரித்வார், மதுரா ஒப்பந்தங்களுக்கு உலக வங்கிக் குழுமத்தின் ஐ.எஃப்.சி.யையே ஆலோசகராக உட்கார வைத்தார்கள்.

இன்னொன்று. ஆலையிலிருந்து வெளியேறும் நீரின் மாசைக் காட்டும் பி.ஓ.டி. அளவு லிட்டருக்கு 30 மில்லிகிராம், பெருநகரம் என்றால் 20 என்றது மத்திய அரசு, 2017-ல். இரண்டே வருடத்தில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 10-க்கு இறக்கச் சொன்னது. ஒப்பந்தத்தின் நடுவில் இப்படி விதி மாறினால் கூடுதல் எந்திரத்துக்கு யார் செலவு செய்வது? இதையும் மலிவு வக்கீலிடம் கேட்டுப் பாருங்கள்.

சென்னை ஆலந்தூரை மறந்துவிட்டோம். தொண்ணூறுகளின் கடைசியில் அந்த நகராட்சி பாதாளச் சாக்கடைக்காக வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்பணம் கேட்டது. குழாய் வருவதற்கு முன்பே ஜனங்கள் கட்டினார்கள். சுத்திகரிப்பு நிலையத்தைக் கட்டி இயக்கியது தனியார்தான். குடியிருப்போர் சங்கங்களைக் கூப்பிட்டு, எவ்வளவு, எதற்கு, எத்தனை நாளில் என்று அவர்களுக்குப் புரிகிற தமிழில் சொன்னார்கள்.

இன்றைக்கு நூற்றுக்கணக்கான பக்கம் ஆங்கிலத்தில் ஒப்பந்தம். மன்றக் கூட்டத்தில் அவசரத் தீர்மானம். மேஜை தட்டினால் நிறைவேறிவிட்டது. வார்டு உறுப்பினர்களே, உங்கள் வீட்டு மாடியைப் பதினொரு மாதத்துக்கு வாடகைக்கு விடும்போது பத்திரத்தை எத்தனை தடவை படிக்கிறீர்கள்? ஊரையே பதினைந்து வருடத்துக்கு எழுதிக் கொடுக்கும்போது ஒரு தடவையாவது படிக்கக் கூடாதா? பொதுமக்கள் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் 'வணிக ரகசியம்' என்று பதில் வருகிறது. சாக்கடையில் என்னய்யா ரகசியம்?

தமிழ்நாட்டுக்கு ஆட்சிமொழிச் சட்டம் 1956-லேயே வந்துவிட்டது. ஒப்பந்தத்தின் தமிழ் வடிவத்தை, வாக்கெடுப்புக்கு ஒரு மாதம் முன்பே ஒவ்வொரு வார்டு அலுவலகத்திலும் வைக்க வேண்டும். வக்கீலை விலை பார்த்து எடுக்காமல் வேலை பார்த்து எடுக்க வேண்டும். உங்கள் ஊரில் இப்படி ஒரு திட்டம் வருகிறதென்றால், வாசகர்களே, வார்டு உறுப்பினரை நேரில் பார்த்து ஒன்றே ஒன்று கேளுங்கள்: "உத்தரவாத அளவு எத்தனை லிட்டர்?" பதில் தெரியாவிட்டால் கை தூக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.